முத்தின் குற்றமும் உலோகத்தின் குற்றமும்: மீயொலிச் சோதனை ஓர் அறிமுகம்

முன்னுரை

தூத்துக்குடி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன முத்தும் துறைமுகமும் ஆகும். கொற்கை, காயல், காயல்பட்டினம், தூத்துக்குடி எனத் துறைகள் காலந்தோறும் இடம் மாறினும், இக்கடற்கரையின் பெயர் முத்தோடு பிணைந்தே வந்துள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, காயல் துறைக்கு அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதைக் குறித்துள்ளார். பரதவரும் மரைக்காயரும் கடலை நம்பி வாழ்ந்த கரை இது. இங்குக் கடலோடியவர்க்குக் கலத்தின் உறுதியே உயிர். முத்து வாணிகம் செய்தவர்க்கு முத்தின் தரமே வாழ்வு.

1961 ஆம் ஆண்டுச் சலாபத்தோடு தூத்துக்குடிக் கடலின் பெரும் முத்துக்குளிப்பு நின்று போயிற்று. 1974 ஆம் ஆண்டு ஜூலை 11 ஆம் நாள் தூத்துக்குடி இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பெற்றது. 2011 ஆம் ஆண்டில் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. முத்து குறைந்த கரையில் இரும்பு பெருகியது. பாரந்தூக்கிகள், கப்பல்கள், கொதிகலன்கள், குழாய்கள், கொள்கலங்கள் என எங்கு நோக்கினும் உலோகமே காட்சி தருகிறது. அன்று முத்தின் குற்றத்தை ஆய்ந்த கண்கள் இருந்தன. இன்று உலோகத்தின் குற்றத்தை ஆயும் கண் எது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நால்வகைக் குற்றம்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரையின் மணிகள் விற்கும் வீதியை இளங்கோவடிகள் காட்டுகிறார். முத்தைப் பற்றிக் கூறுமிடத்தில் காற்று, மண், கல், நீர் என்னும் நான்கினால் முத்தில் குற்றம் தோன்றும் என்றும், அக்குற்றங்கள் நீங்கிய முத்துக்களே அங்கு இருந்தன என்றும் குறிப்பிடுகிறார். இந்நான்கு பெயர்களையும் இன்றைய உலோகவியல் நூலோடு ஒப்பிட்டு நோக்குமிடத்து நமக்கு வியப்பு ஏற்படுகிறது. உருக்கி வார்த்த உலோகத்திலும் பற்றவைத்த இணைப்பிலும் உள்ளுறைந்து கிடக்கும் குற்றங்களை இதே நான்கு தலைப்புகளில் அடக்கிவிடலாம். சிலம்பு உலோகவியலை முன்னரே உரைத்தது என நாம் வலிந்து பொருள் கொள்ள வேண்டா. சொற்களின் ஒற்றுமை நினைவில் நிறுத்த உதவும் என்பதே நம் கருத்து.

முதலாவது காற்று. உருகிய உலோகம் வாயுக்களைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அது குளிர்ந்து இறுகும்போது அவ்வாயுக்கள் வெளியேற வழியின்றிக் குமிழிகளாகச் சிறைப்படுகின்றன. இவை நுண்துளைகள் எனப்படும்.

இரண்டாவது மண். வார்ப்பட ஆலைகளில் மணல் அச்சில் உலோகத்தை ஊற்றுகின்றனர். அச்சின் ஓரம் உதிர்ந்தால் மணற்பரல்கள் உலோகத்தோடு கலந்து உள்ளே தங்கிவிடுகின்றன.

மூன்றாவது கல். உருக்கும்போது மேலே மிதக்கும் கசடும், உலையின் உட்சுவரிலிருந்து பெயரும் துணுக்குகளும் உள்ளே அகப்பட்டுக் கல்போல் இறுகுகின்றன. பற்றவைக்கும்போது ஓர் அடுக்கின் மேலுள்ள கசட்டைத் தட்டி அகற்றாமல் அடுத்த அடுக்கை இட்டாலும் இக்குற்றம் நேரும்.

நான்காவது நீர். இதுவே மிகவும் வஞ்சகமானது. ஈரம் படிந்த பற்றவைப்புக் கம்பியைப் பயன்படுத்தினால், மின்பொறியின் வெப்பத்தில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. அது எஃகினுள் புகுந்து, இணைப்பு குளிர்ந்த பின்னர், சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து விரிசலை உண்டாக்குகிறது. அதனாற்றான் கம்பிகளை அடுப்பிலிட்டு உலர்த்திய பின்னரே பயன்படுத்த வேண்டும் என்றும், முதன்மையான இணைப்புகளை 48 மணி நேரம் கழித்துச் சோதிக்க வேண்டும் என்றும் விதி வகுத்துள்ளனர். உப்பங்காற்றின் ஈரம் ஓயாத கடற்கரை ஊர்களில் இவ்விதி எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவையன்றிப் பயன்பாட்டில் தோன்றும் குற்றங்கள் இரண்டு உண்டு. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் அது இறுதியில் ஒடிவதைப் போல, மாறி மாறிச் சுமை தாங்கும் பொறியுறுப்பில் அயர்வினால் விரிசல் பிறந்து வளர்கிறது. மற்றொன்று அரிப்பு. உப்புநீர் இரும்பைத் தின்று அதன் கனத்தைக் குறைக்கிறது.

உடையாமல் அறிதல்

ஒரு பொருளின் உள்ளே குற்றம் உண்டா என அறிய அதனை உடைத்துப் பார்ப்பது எளிய வழி. ஆனால் உடைத்த முத்து விலை போகாது. அறுத்த அச்சு சுழலாது. ஆகவே பொருளைச் சிதைக்காமல் அதன் அகத்தை அறிய வேண்டும். இக்கலையைச் சிதைவிலாச் சோதனை என்கிறோம்.

இக்கலை நமக்குப் புதியதன்று. சந்தையில் பானை வாங்கும் பெண், அதனைக் கையில் ஏந்தி விரலால் சுண்டிப் பார்க்கிறாள். கணீரென ஒலித்தால் நல்ல பானை. ஓசை மழுங்கினால் விரிசல் கண்ட பானை. இரயில் நிலையங்களில் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிச் செவிகொடுத்துக் கேட்ட தொழிலாளரும் இதே வழியைக் கையாண்டவரே.

எடையினால் அறிவது மற்றொரு வழி. பொற்கிரீடத்தில் கலப்பு உண்டா என்பதை நீரின் துணைகொண்டு ஆர்க்கிமிடீஸ் கண்டறிந்த வரலாறு பலரும் அறிந்ததே. அவ்வழியை நுட்பமான அறிவியலாக வளர்த்தவர்கள் இஸ்லாமிய உலகின் அறிஞர்கள். 973 இல் பிறந்த அல்பீரூனீ உலோகங்கள், மணிகள் ஆகியவற்றின் ஒப்படர்த்தியை அளந்தார். மணிகளைப் பற்றித் தனி நூலே இயற்றி, அதில் முத்தையும் ஆராய்ந்தார். அவருக்குப் பின் அல்காஸினீ 1121 ஆம் ஆண்டளவில் ‘ஞானத் தராசு’ எனப் பொருள்படும் பெயரில் ஒரு நூல் எழுதினார். பொருளைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, அது தனி உலோகமா கலப்புலோகமா, கலப்பாயின் எவ்வளவு கலப்பு என அறியும் தராசினை அந்நூல் விளக்குகிறது. பொருளை உரசாமலும் உருக்காமலும் அதன் உள்ளியல்பை உரைக்கும் அத்தராசு, சிதைவிலாச் சோதனையின் முன்னோடிகளுள் ஒன்று எனலாம்.

ஆயினும் இவ்விரு வழிகளுக்கும் ஒரு குறை உண்டு. தட்டிக் கேட்கும் ஓசையும் தராசின் எடையும் முழுப் பொருளைப் பற்றியே பேசுகின்றன. குற்றம் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எத்துணை அளவில் உள்ளது என்பதை அவை சொல்வதில்லை. அதனைச் சொல்ல வந்ததே மீயொலி.

மீயொலி என்பது யாது?

மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளையே கேட்கவல்லது. அதற்கு மேற்பட்ட அதிர்வுடைய ஒலி மீயொலி எனப்படும். உலோகச் சோதனையில் பெரும்பாலும் 1 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது விநாடிக்குப் பத்து இலட்சம் முதல் ஒரு கோடி வரையிலான அதிர்வுகள் பயன்படுகின்றன.

கேட்கும் ஒலியே போதாதா என ஒருவர் வினவலாம். எஃகில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் விரைகிறது. 20,000 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் எஃகில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆகிறது. பெரிய கடலலை ஒரு சிறு கழியைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்வதைப் போல, அவ்வொலி சிறு விரிசலைக் கண்டுகொள்ளாமல் சென்றுவிடும். 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர். அலைநீளத்தில் பாதியளவுள்ள குற்றங்கூட அதன் வழியில் நின்றால் எதிரொலி எழுப்பிவிடும் என்பது பொதுவிதி. நுண்ணிய குற்றத்தைக் காண நுண்ணிய அலை வேண்டும் என்பதே இதன் கருத்து.

இத்தகைய ஒலியை உண்டாக்கும் வழி 1880 ஆம் ஆண்டில் பிறந்தது. குவார்ட்ஸ் முதலிய படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னூட்டம் தோன்றுவதைக் கியூரி உடன்பிறந்தார் இருவர் கண்டனர். மறுதலையாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிரும் என்பதும் பின்னர் உறுதியாயிற்று. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைக் கண்டறியப் பிரான்சின் லாங்கெவின் இப்படிகங்களைக் கொண்டு கடலுள் மீயொலியைச் செலுத்தினார். உலோகத்தின் குற்றங்களை மீயொலியால் அறியலாம் என்ற கருத்தை 1928 இல் உருசிய அறிஞர் சோகொலோவ் முன்வைத்தார். எதிரொலியைக் கொண்டு குற்றத்தின் இடத்தை அறியும் கருவிக்கு அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் 1940 இல் காப்புரிமை கோரி, 1942 இல் பெற்றார். நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமனும் நாகேந்திர நாத்தும் மீயொலி அலைகள் ஒளியைச் சிதறச் செய்யும் முறையை 1935, 1936 ஆம் ஆண்டுகளில் விளக்கினர். அக்கொள்கை இன்றும் இராமன்–நாத் கொள்கை என அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

ஒரு செய்தியை இங்குச் சொல்லாமல் விட இயலாது. தாயின் கருவிலுள்ள குழந்தையைக் காணும் ‘ஸ்கேன்’ இன்று அனைவரும் அறிந்தது. கிளாஸ்கோ நகர மருத்துவர் அயன் டொனால்ட், உலோகக் குற்றங்காணும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டே 1950 களில் அம்முறையைத் தொடங்கினார். கொதிகலனைச் சோதித்த கருவி கருவறைக்கும் துணையாயிற்று.

சோதனை நிகழும் முறை

நம் கடற்கரை மக்களுக்கு இதன் அடிப்படையை விளக்குதல் எளிது. விசைப்படகுகளிலும் கப்பல்களிலும் ஆழங்காட்டும் கருவி உள்ளது. அது நீரினுள் ஒலியைச் செலுத்துகிறது. தரையில் பட்டு எதிரொலி திரும்புகிறது. சென்று திரும்பிய நேரத்தைக் கொண்டு ஆழம் கணிக்கப்படுகிறது. கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். 15 மீட்டர் ஆழமுள்ள முத்துப் பாரின் மேல் படகு நின்றால், ஒலி 30 மீட்டர் பயணம் செய்து விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கில் திரும்பிவிடும். இடையில் மீன்கூட்டம் இருந்தால் தரைக்கு முன்னரே மற்றோர் எதிரொலி தோன்றும். மீனவர் அதனைக் கண்டு வலை வீசுகின்றனர்.

உலோகச் சோதனையும் இதுவே. கடலுக்கு மாறாக எஃகு, தரைக்கு மாறாக எஃகின் அடிப்புறம், மீனுக்கு மாறாகக் குற்றம். 100 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கட்டியின் மேல் ஆய்வுமுனையை வைத்து ஒலியைச் செலுத்தினால், அது அடிப்புறம் சென்று திரும்ப ஏறத்தாழ 34 மைக்ரோ விநாடி ஆகும். மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. திரையில் தொடக்கத்தில் ஒரு குறியும், 34 மைக்ரோ விநாடியில் மற்றொரு குறியும் தோன்றினால் இடையில் தடையில்லை எனக் கொள்ளலாம். மாறாக ஏறத்தாழ 20 மைக்ரோ விநாடியில் ஒரு குறி எழுந்தால், 60 மில்லிமீட்டர் ஆழத்தில் ஏதோ ஒலியைத் திருப்பியுள்ளது என்பது தெளிவு. அடிப்புற எதிரொலியின் உயரம் குறைந்திருப்பின், ஒலியின் பெரும்பகுதியை இடையிலேயே குற்றம் மறித்துவிட்டது என்பதும் புலனாகும்.

காற்றிடைவெளி எஃகினுள் ஒலிக்கு முழுச் சுவராக அமைகிறது. எஃகிலிருந்து காற்றை அடையும் ஒலி ஏறக்குறைய முற்றிலும் திரும்பிவிடுகிறது. விரிசலில் நீர் நிறைந்திருந்தால் ஏறத்தாழ 88 விழுக்காடு ஆற்றல் திரும்பும். எஞ்சியது நீரினுள் புகுந்துவிடும். இதே காரணத்தால் ஆய்வுமுனைக்கும் உலோகத்திற்கும் இடையே காற்று இருத்தல் கூடாது. எண்ணெய், கிளிசரின், பசை ஆகியவற்றுள் ஒன்றைத் தடவிய பின்னரே முனையை வைக்கின்றனர்.

பற்றவைத்த இணைப்பின் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருப்பதால் அதன்மேல் முனையை நேராக வைக்க இயலாது. எனவே பக்கத்தில் வைத்து, 45, 60, 70 பாகைகளில் ஒலியைச் சாய்வாகச் செலுத்துகின்றனர். கேரம் பலகையில் காய் ஓரத்தில் பட்டுத் திரும்புவதைப் போல, ஒலி தகட்டின் அடிப்புறத்தில் பட்டு மேலெழுந்து இணைப்பைத் துழாவுகிறது. இச்சாய்வைக் கணக்கிட உதவுவது ஒளிவிலகல் விதியேயாகும். ஐரோப்பாவில் ஸ்நெல் பெயரால் வழங்கும் அவ்விதிக்கு இணையான கருத்தை, 984 ஆம் ஆண்டளவில் பாக்தாதில் வாழ்ந்த இப்னு ஸஹ்ல், ஒளியைக் குவிக்கும் வில்லைகளைப் பற்றிய தம் நூலில் கையாண்டுள்ளார். ஒளிக்குக் கண்ட நெறி ஒலிக்கும் பொருந்துகிறது.

கலப்புலோகத்தின் இயல்பு

ஒவ்வோர் உலோகத்திலும் ஒலியின் வேகம் வேறுபடும். அலுமினியத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 6,300 மீட்டர், எஃகில் 5,900 மீட்டர், பித்தளையில் 4,400 மீட்டர். எஃகுக்கெனச் சீரமைத்த கருவியை அப்படியே பித்தளைத் தகட்டின்மேல் வைத்தால், 20 மில்லிமீட்டர் தகட்டை அது 27 மில்லிமீட்டர் எனக் காட்டும். தேய்ந்த தகடு தேயாதது போல் தோன்றும். ஆகவே சோதனைக்கு முன் அளவுக்கட்டியின்மேல் கருவியைச் சரிபார்த்தல் வேண்டும். உலகெங்கும் வழங்கும் அளவுக்கட்டி ஒன்று 25 மில்லிமீட்டர் கனமும், 100 மில்லிமீட்டர் ஆரமுடைய வளைவும், 1.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையும் கொண்டது. படிக்கல் இல்லாத தராசு எவ்வாறு வாணிகத்துக்கு ஆகாதோ, அவ்வாறே அளவுக்கட்டியில் சரிபாராத கருவியும் சோதனைக்கு ஆகாது.

உலோகத்தின் உள்மணிகளும் கருதத்தக்கவை. நன்கு அடித்து உருவாக்கிய எஃகில் மணிகள் நுண்ணியவை. ஒலி தடையின்றிச் செல்லும். வார்ப்பிரும்பு, வெண்கல வார்ப்பு, துருப்பிடியா எஃகின் சில பற்றவைப்புகள் ஆகியவற்றில் மணிகள் பருத்தவை. ஒவ்வொரு மணியின் விளிம்பிலும் ஒலி சிதறுவதால், திரையில் புல் முளைத்தாற்போல் சிறு குறிகள் எழுந்து உண்மைக் குற்றத்தை மறைத்துவிடும். ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் வெண்கலம் கிடைத்த காலந்தொட்டுத் தாமிரபரணிக் கரை அறிந்த உலோகம் வெண்கலம். இன்றும் கப்பலின் உந்துவிசிறிகள் வெண்கல வகைகளாலேயே வார்க்கப்படுகின்றன. அவ்விசிறியை மீயொலியால் சோதிப்பது எஃகு அச்சைச் சோதிப்பதினும் கடினம். அதிர்வைக் குறைத்து அலைநீளத்தைக் கூட்டினால் சிதறல் குறையும். ஆனால் நுண்ணிய குற்றம் தப்பிவிடும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்கும் இந்நிலையில் எதைத் தெரிவது என்பதே சோதனையாளரின் அறிவுக்கு உரைகல்.

முத்தின் அகத்தைக் காண மீயொலியினும் ஊடுகதிரே ஏற்றது. மன்னார் வளைகுடாச் சிப்பியில் செயற்கை முறையில் முத்து வளர்க்கும் முயற்சியில், தூத்துக்குடியில் இயங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973 ஆம் ஆண்டில் வெற்றி கண்டனர். வளர்ப்பு முத்தினுள் இடப்பட்ட கருமணியை ஊடுகதிர்ப் படம் காட்டிக்கொடுத்துவிடும். உலோகத்திலும் காற்றுக்குமிழி, கசடு முதலிய பருமனுள்ள குற்றங்களைக் காட்ட ஊடுகதிர் வல்லது. மயிரிழை போன்ற மெல்லிய விரிசலைக் காட்டவோ மீயொலியே பெரும்பாலும் வல்லது. அதுவும் ஒலி அவ்விரிசலின் முகத்தில் நேராகப் படும்போதே. பக்கவாட்டில் சென்றால் அதுவும் காணாது. ஆகவே ஒன்றுக்கொன்று துணையேயன்றி மாற்றன்று.

நம் கரையில் இதன் பயன்

துறைமுகப் பாரந்தூக்கியின் கைகளை இணைக்கும் பெரிய பிணைப்பாணிகள் பொறியினுள் மறைந்திருக்கும்; அவற்றின் முனை மட்டுமே வெளியே தெரியும். அம்முனையில் ஆய்வுமுனையை வைத்தால் ஆணியின் முழு நீளத்தையும் கழற்றாமலே ஆயலாம். இரயில் அச்சுகளையும் கப்பலின் சுழல்தண்டுகளையும் இவ்வாறே சோதிக்கின்றனர்.

கப்பலின் வெளித்தகடு உப்புநீரால் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதைத் துளையிடாமல் ஒரு பக்கத்திலிருந்தே அளக்கலாம். 12 மில்லிமீட்டர் தகட்டில் ஒலி சென்று திரும்ப ஏறத்தாழ 4 மைக்ரோ விநாடி ஆகும். அது 3 ஆகக் குறைந்தால் தகடு 9 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டது எனலாம். ஒரு மைக்ரோ விநாடி வேறுபாட்டில் ஒரு கப்பலின் தகுதி தங்கியுள்ளது. 1906 இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கழகத்தைத் தோற்றுவித்தபோது ஹாஜி முகம்மது பக்கீர் சேட் போன்றோர் பெருந்தொகைக்குப் பங்கு வாங்கித் துணைநின்றனர். அன்று தகட்டின் அகத்தை அறிய இக்கருவி உலகில் எங்கும் இல்லை. சுத்தியலும் செவியும் பட்டறிவுமே அன்றைய துணைகள்.

1979 இல் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. கொதிகலன் குழாய்களில் கனம் குறைந்த ஓரிடம் போதும், நீராவி பீறிட்டு உயிரைக் குடிக்க. அக்குழாய்களைக் காப்பதில் மீயொலிக்குப் பெரும்பங்கு உண்டு. 2024 பிப்ரவரி 28 ஆம் நாள் இம்மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் விண்கல ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நம் நாட்டின் ஏவூர்திகளில் பி.எஸ்.எல்.வி.யின் முதற்கட்ட உறை மாரேஜிங் எஃகினாலும், எல்.வி.எம்.3 இன் எரிபொருட் கலன்கள் அலுமினியக் கலப்புலோகத்தாலும் ஆனவை. எடையைக் குறைக்கத் தகட்டை மெல்லிதாக்குந்தோறும், பொறுத்துக்கொள்ளத்தக்க குற்றத்தின் அளவும் சிறிதாகிறது. சோதனையின் கடமை பெரிதாகிறது.

இத்துறையில் தமிழகத்துக்குத் தனியிடம் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975 இல் தோன்றியது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அறிஞர் பல்தேவ் ராஜ் தலைமையில் சிதைவிலாச் சோதனை ஆய்வு செழித்தது. அவரும் ஜெயக்குமார், தவசிமுத்து ஆகியோரும் இணைந்து எழுதிய நூல் இத்துறை மாணவர்க்குப் பாடநூலாகப் பயன்படுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் இதற்கெனத் தனி மையம் உள்ளது.

இரு துயரங்கள் தரும் பாடம்

1980 மார்ச் 27 ஆம் நாள் நார்வேயின் வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்னும் மிதக்கும் மேடை கவிழ்ந்து 123 பேர் மாண்டனர். அதன் தாங்குசட்டம் ஒன்றில் ஒலியுணர் கருவியைப் பொருத்துவதற்காக இடப்பட்ட 6 மில்லிமீட்டர் அளவுள்ள பற்றவைப்பில் தொடங்கிய விரிசலே காரணம் என ஆய்வாளர் கண்டனர். விரிசலின் உள்ளே வண்ணப்பூச்சின் தடயம் காணப்பட்டது. மேடைக்கு வண்ணம் பூசும் நாளிலேயே விரிசல் அங்கு இருந்தது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. சுமை தாங்காத சிறு உறுப்புதானே என எண்ணியதன் விலை அத்தனை உயிர்கள்.

1989 ஜூலை 19 ஆம் நாள் அமெரிக்காவின் சூ சிட்டி நகரில் 296 பேருடன் வந்த விமானம் தரையில் மோதியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் வாற்பொறியிலிருந்த டைட்டேனியக் கலப்புலோக வட்டு வெடித்துச் சிதறியதே காரணம். உலோகத்தை உருக்கிய நாளில் நைட்ரஜன் மிகுந்து கடினப்பட்ட ஒரு சிறு புள்ளியில், அதாவது ‘காற்றின் குற்றத்தில்’, விரிசல் பிறந்து ஆண்டுக்கணக்கில் வளர்ந்திருந்தது. விபத்துக்கு முந்தைய ஆண்டில் அவ்வட்டு சாயத் திரவத்தால் சோதிக்கப்பட்டது. விரிசல் வெளியே தெரியும் அளவில் இருந்தும் சோதித்தவர் கண்ணில் அது படவில்லை. முன்னதில் பார்க்க வேண்டிய இடத்தைப் பாராமை. பின்னதில் பார்த்தும் காணாமை. கருவி எத்துணைச் சிறந்ததாயினும் அதன் பின்னால் விழிப்புள்ள மனிதர் வேண்டும் என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

அமானிதம்

சிதைவிலாச் சோதனையில் தேர்ச்சி பெறுவோர் மூன்று நிலைகளாகப் பகுக்கப்படுகின்றனர். முதல் நிலையினர் பிறர் மேற்பார்வையில் கருவியை இயக்குவர். இரண்டாம் நிலையினர் முடிவு கூறுவர். மூன்றாம் நிலையினர் முறைகளை வகுப்பர். நம் கடற்கரை ஊர்களின் இளைஞர் பலர் இத்தகுதி பெற்று, வளைகுடா நாடுகளின் எண்ணெய்க் குழாய்களையும் கலன்களையும் சோதிக்கும் பணியில் உள்ளனர். முன்னோர் முத்துக் கொண்டு சென்ற திசைக்கு இவர்கள் அறிவைக் கொண்டு செல்கின்றனர்.

இப்பணியின் இக்கட்டு எங்குள்ளது எனின், சோதிப்பவருக்கு ஊதியம் தருபவர் பெரும்பாலும் பொறியின் உரிமையாளரே. குற்றம் உண்டு என எழுதினால் வேலை நிற்கும், கப்பல் காத்திருக்கும், பொருள் இழப்பு நேரும். நூறு இணைப்புகளில் பத்தைப் பார்த்துவிட்டு நூறையும் பார்த்ததாக எழுதச் சொல்லும் குரலும் சில நேரம் எழும். ஆனால் பாரந்தூக்கியின் கீழ் நின்று மூட்டை சுமக்கும் தொழிலாளி அவ்வறிக்கையைப் படித்தறியாதவர்; படித்தவர் ஒருவர் பார்த்திருப்பார் என்னும் நம்பிக்கையில் அங்கு நிற்பவர். அந்நம்பிக்கையே அமானிதம். அளவிலும் நிறுவையிலும் குறை செய்யலாகாது, சாட்சியத்தை மறைத்தலாகாது என்பன திருமறை கற்பிக்கும் நெறிகள். சோதனை அறிக்கை என்பது ஒரு சாட்சியம். அதில் இடும் கையொப்பம் ஒரு வாக்குமூலம். ‘பார்த்தேன்’ என எழுதும் முன் பார்த்திருத்தல் வேண்டும். ‘தெரியவில்லை’ என எழுத வேண்டிய இடத்தில் அதனையே எழுதும் துணிவும் வேண்டும்.

முடிவுரை

இத்துறையில் பணிபுரியும் தொழிலாளர் பலர் தாய்மொழியில் சிந்திப்பவர்கள். மீயொலி, ஆய்வுமுனை, எதிரொலி, அளவுக்கட்டி, நுண்துளை, கசடு, அயர்வு விரிசல் என எளிய தமிழ்ச்சொற்களால் இக்கலையை விளக்க இயலும் என்பதை இக்கட்டுரையே ஓரளவு காட்டியிருக்கும் என நம்புகிறோம். தமிழ்த்துறை மாணவர்களும் அறிவியல் துறை மாணவர்களும் ஒன்றுகூடி, பட்டறைத் தொழிலாளர் படித்துணரத்தக்க கையேடுகளை இயற்றினால் அது சமுதாயத்துக்கு ஆற்றும் அறப்பணியாகும். ஒரு விதியின் காரணத்தைத் தன் மொழியில் உணர்ந்தவர் அதனை எளிதில் மீறமாட்டார். ஈரக்கம்பியை ஏன் உலர்த்த வேண்டும் என்பதை அறிந்த தொழிலாளி, மேற்பார்ப்பவர் இல்லாதபோதும் அதனை உலர்த்தியே எடுப்பார்.

கொற்கைத் துறையின் முத்து உலகெங்கும் மதிக்கப்பெற்றதற்கு அதன் ஒளி மட்டுமே காரணமன்று. குற்றம் கண்டதை ஒதுக்கி, நல்லதை நல்லதென்று சொல்லி விற்ற நாணயமும் வாணிகத்தை நிலைநிறுத்தும் காரணமாகும். கருவிகள் மாறலாம், காலம் மாறலாம். ஆய்பவரின் நேர்மையும் கூர்மையும் மாறாதிருக்குமாயின் நம் கலங்கள் கரை சேரும். நம் தொழிலாளர் மாலையில் இல்லம் சேர்வர். அத்தகைய அறிவும் நேர்மையும் நம் மாணவச் செல்வங்களுக்கு வாய்க்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!